கீழ்க்கரைக் கடலும் சிறு கைப்பொருளும்

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று உரங்கொண்டதும் நீர்கொழும்பு முதல் மாத்தறை வரையுள்ள கரையில் அலைகள் மூர்க்கமாக எழும். தோணிகள் கரையேறும். அதே நாட்களில் இலங்கையின் கீழ்க்கரையிலே கடல் குளம்போலக் கிடக்கும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என வழங்கும் அக்காற்று மலைநாட்டிலே மழையை இறக்கிவிட்டு, ஈரமிழந்து வெம்மையேறி, மேற்குத் திசையிலிருந்து மட்டக்களப்பை வந்து சேரும். அங்குள்ளார் அதனைக் கச்சான் என்பர். அஃது உடம்பை வாட்டும் காற்று. வயலிலே நிற்பவன் அதனை வாழ்த்துவதில்லை. ஆயினும் நிலத்தினின்றும் கடலை நோக்கி வீசுவதாற் கரையை நாடிவரும் அலையைச் சிதறவிடாது சீவி நிமிர்த்தும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை மாறிவிடும். வாடைக்காற்று மழையைச் சுமந்துவந்து கீழ்க்கரையிற் கொட்ட, மேற்குக்கரை மெல்ல அமைதியடையும்.

பருவம் அறியாது கார்த்திகையிற் கீழ்க்கரைக்குப் போனவன் எவ்வளவு செலவிட்டாலும் நனைந்து திரும்புவான். பருவம் அறிந்தவனோ சிறு தொகையோடு போய் நிறைவோடு மீள்வான். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா, பொத்துவிலுக்கு அருகே அறுகம்பை என்னும் மூன்று துறைகளும் இன்று உலகின் பல திக்கிலுமிருந்து மக்கள் நாடிவரும் கடலாடு துறைகளாகும். அவற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போரிட்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரிடமிருந்தே தொடங்குவர். உண்மையில் அவர்கள் கடற்கரைக்காக வந்தவர் அல்லர். கப்பலை நிறுத்தும் ஆழத்துக்காக வந்தவர்கள். கடற்கரை வழியே வந்து, மணலிலே படுத்தெழுந்து போனவர்கள் வேறொரு கூட்டத்தார். அவர்களுட் பெரும்பாலார் பணம் படைத்தவர் அல்லர்.

1660ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவில், 'ஆன்' என்னும் கப்பலின் பாய்மரத்தைச் செப்பனிடும்பொருட்டு வந்திறங்கிய ஆங்கிலேயர் சிலர் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிபட்டனர். அவர்களுள் ஒருவனான இரொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன் 19 ஆண்டுகள் இந்நாட்டிலே தங்க நேர்ந்தது. அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பு கிராமத்தார் மேல் விழுந்தது. கைப்பணமின்றி வந்து நீண்டநாள் தங்கியோர் வரிசையில் நொக்ஸையும் சேர்க்கலாம். ஊர் திரும்ப விடைகொடுக்கப்படாமை ஒன்றே அப்பயணத்தின் குறை! 1679இல் அவன் தப்பியோடினான்; 1681இல் அவன் எழுதிய நூல் இலண்டனில் வெளியாயிற்று.

நொக்ஸ் விரும்பி வந்தவன் அல்லன். விரும்பி வந்தவர்களுட் கதிர்காமப் பாதயாத்திரிகரையே முதலிற் கூறல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதியினின்றும் புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோயில், பொத்துவில், உகந்தை எனக் கடலோரத்தையே பற்றி நடந்து, அப்பாற் குமணை, யாலைக் காடுகளைக் கடந்து, ஆடிமாதத் திருவிழாவுக்குக் கதிர்காமம் சேர்வர். நடை முடிய ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆகும். இன்று நிலாவெளிக்கும் அறுகம்பைக்கும் வெளிநாட்டார் வந்து குவியும் மாதங்களும் அவைதாம். கடல் அமைதியாகவும், கழிமுகங்கள் மணல்மூடி நடந்து கடக்கத்தக்கனவாகவும் இருக்கும் காலம் அது.

இவ்யாத்திரிகரின் செலவுக் கணக்கு மிகச் சிறிது. தோளிலே ஒரு பொட்டளி, அதனுள் மாற்றுடை ஒன்று, சிறு பாத்திரம், திருநீற்றுப் பை. பலருக்கு அவ்வளவே உடைமை. பணத்தை நம்பாது, வழியிலுள்ள ஊரார் இடும் சோற்றை நம்பி நடப்பதே விரதத்தின் ஒரு கூறு. மருதமரத்தடியும் கோயில் மண்டபமுமே இராத்தங்குமிடம். வழியூர்களில் இருந்தோரும் யாத்திரிகரை எதிர்கொண்டு அமுதளித்தலைத் தம் கடனாகக் கொண்டனர். பொத்துவிற் பகுதியில் முஸ்லிம் வீட்டார் வாசலிலும் தண்ணீர் கிடைக்கும். பாணமையிற் சிங்கள மக்களும் முருகனை அறிவர்.

மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்திலே ஒரு பேச்சு நெடுங்காலம் வழங்கிற்று. மந்திரத்தினால் ஒட்டுவர் என்று கிழவிகள் பேரர்க்குச் சொல்லி அச்சுறுத்துவர். தயிரும் தேனும் ஆற்றுமீனும் இட்டு, எழுந்துபோக மனம் வராதபடி உபசரித்தலே அம்மந்திரம் என்று பொருள்கொள்வாரும் உளர். எப்படியாயினும், அந்த உபசாரம் விலைக்கு விற்கப்பட்டதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதிக் கொள்ளைநோய் யாத்திரிகர் கூட்டத்தோடு பரவுகின்றது என அஞ்சிய ஆங்கில அரசாங்கம் கதிர்காமம் செல்வோர் தொகையைக் கட்டுப்படுத்தி, அனுமதிச் சீட்டு முறையையும் கொண்டுவந்தது. நோய் உண்மை, ஆனால், ஏழை நடந்துவரும் பாதைகளை அரசு அஞ்சும் பழக்கம் அந்த நோயோடு ஒழியவில்லை என்பதையும் இப்பொருளை ஆராய்வோர் காண்பர்.

யாத்திரிகருக்கு அடுத்தபடியாகப் பருவத்தைப் பின்பற்றி வந்தோர் மீனவர். மேற்குக்கரையிற் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களினின்றும் மீனவக் குடும்பங்கள் கீழ்க்கரைக்குப் பெயர்ந்து, மணலிலே கிடுகால் வேய்ந்த குடில்களை அமைத்து, நான்கைந்து மாதம் தொழில் செய்து மீள்வது நெடுங்கால வழக்கம். அக்குடிலின் பெயர் வாடி. கம்பு நான்கு, கிடுகு சில, தரைக்கு மணல். பருவம் முடிந்ததும் பிரித்தெடுத்துப் போவர். கம்பு நட்ட குழியைக் கடற்காற்று தூர்த்துவிடும். உள்ளூர் மீனவரோடு துறைக்காகச் சச்சரவு நிகழ்ந்ததும் உண்டு. எனினும் எந்தத் துறையில் எவர் வலை வளைப்பது என்பதற்கு வழக்கும் முறையும் இருந்தன.

வாடி என்னும் அச்சொல்லின் பிற்கால வாழ்வு சுவையானது. பிரயாணஞ் செய்யும் உத்தியோகத்தர் தங்கும்பொருட்டு ஒல்லாந்தர் தொடங்கி ஆங்கிலேயர் விரிவுபடுத்திய அரசாங்க விடுதிகளையும் தமிழ்மக்கள் வாடிவீடு என்றே அழைத்தனர். மீனவனின் கிடுகுக் குடிலுக்கும், விறாந்தையிற் சாய்மனைக் கதிரை போட்டுத் துரைமார் காற்றுவாங்கிய ஓட்டுவீட்டுக்கும் ஒரு சொல்லே போதியதாயிற்று. இரண்டும் வந்துபோவோன் தங்குமிடமே என்பது மக்கள் கண்ட ஒற்றுமை. ஆயினும் வாடிவீட்டிலே கடமை நிமித்தம் வரும் உத்தியோகத்தருக்கே முதலிடம். வண்டிலிலே குடும்பத்தோடு வந்த சாதாரண மனிதன் அங்கே ஏறத் துணியான். அவனுக்கு மடம் இருந்தது, உறவினர் வீடு இருந்தது, இரண்டும் இல்லாவிடின் மரநிழல் இருந்தது.

வழியோ எளிதன்று. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கடலோரமாகப் போகும் தெருவை ஆறுகளும் களப்புகளும் மீண்டும் மீண்டும் அறுத்தன. ஒவ்வொரு துறையிலும் பாதை என வழங்கும் மிதவைக்காகக் காத்து நிற்றல் வேண்டும். கிண்ணியாத் துறையில் 396 மீற்றர் நீளமான பாலம் 2009ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. மட்டக்களப்புக்குத் தெற்கே கல்லடியில் மட்டும் 1924இலேயே இரும்புப் பாலம் அமைந்துவிட்டது. தேசாதிபதி மனிங் துரையின் மனைவியார் பெயரை அப்பாலத்துக்கு இட்டனர். மக்களோ அதனைக் கல்லடிப் பாலம் என்றே அழைத்தனர். முழுநிலா நாளில் அதன் கீழே மீன் பாடும் என்று ஆட்களைக் கூட்டிச் செல்லும் வழக்கம், காசில்லாப் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக நிலைத்தது.

கீழ்க்கரைப் பயணத்தைச் சாதாரண மனிதனின் கைக்கெட்டச் செய்தது புகையிரதமேயாகும். 1927இல் திருகோணமலைக்கும் 1928இல் மட்டக்களப்புக்கும் பாதை திறக்கப்பட்டது. மாகோச் சந்தியிற் பிரிந்து, காட்டினூடே கல்லோயாச் சந்தியை அடைந்து, அங்கிருந்து இருகிளையாகப் பிரியும் பாதை அது. மட்டக்களப்புக் கிளையிற் கல்குடாவில் ஒரு தரிப்பிடம் அமைந்தது. அரிசியும் மீனும் ஏற்றும் நோக்கத்தோடும், காடு திருத்திக் குடியேற்றும் நோக்கத்தோடும் அமைத்த பாதை, எவரும் எண்ணாத வேறொரு பயனையும் தந்தது. மாலையிலே கொழும்பில் மூன்றாம் வகுப்பு வண்டியின் பலகை ஆசனத்திற் சுருண்டு படுத்தவன் விடியற்காலையிற் கடற்காற்றிலே கண்விழித்தான். ஓர் இரவின் தங்குசெலவு அவனுக்கு மிச்சமாயிற்று. பிற்காலத்திலே, இரம்பாலா என்பார் புகையிரதப் பகுதியின் தலைவராயிருந்த நாளில், மட்டக்களப்புக்கு ஓடிய பகல்வண்டிக்கு உதயதேவி எனப் பெயரிட்டனர். சூரியன் உதிக்கும் திசைக்குப் போகும் வண்டிக்கு அதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

1958 சனவரி முதலாந் தேதி பஸ் வண்டிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபின், புகையிரதம் எட்டாத ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் வழி பிறந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் சுற்றுலாக்கள் பெருகியதும் இக்காலத்திலேயே. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடல் என்னும் மூன்றும் ஒரே நாட் பயணத்தில் அடங்கும். 1622இற் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலிருந்த பாறையின் அடியிலே, 1956இல் ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் நீரில் மூழ்கித் தூண்களையும் சிற்பத் துண்டங்களையும் கண்டனர். 1957இல் ஆங்கிலக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கைக்கு ஒப்படைத்து நீங்கிற்று. 1963இற் கோயில் மீளக் கட்டப்பெற்றுக் குடமுழுக்கு நிகழ்ந்தது. பாடசாலை மண்டபத்திலே பாய்விரித்துப் படுத்து, வாங்கில்களை ஒதுக்கிவைத்த வகுப்பறையிலே கட்டுச்சோறு உண்டு, அக்கோயிலையும் கடலையும் கண்டு வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுட் பலர் கடலை முதன்முறை பார்த்ததே அப்பயணத்தில்தான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிதும் பொருந்தும்.

இந்நிலையில் வேறொரு வகைப் பயணிகள் வந்து சேர்ந்தனர். ஐரோப்பாவிலிருந்து துருக்கி, பாரசீகம், ஆப்கானித்தான், பாக்கித்தான் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியா வந்த இளைஞர் கூட்டத்தின் ஒரு பகுதி இராமேசுவரத்திலே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியது. 1914இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பற்சேவை, 1964 மார்கழிப் புயலிலே தனுக்கோடி அழிந்தபின் இராமேசுவரத்தினின்றும் நடைபெற்றது. 1980களிற் போர் அதனை நிறுத்தும்வரை கடல்கடப்பதற்கு மிக மலிந்த வழி அதுவேயாம். நீண்ட மயிரும், தேய்ந்த செருப்பும், முதுகிலே மூட்டையுமாக வந்த இவர்களை நகரத்தார் ஏளனஞ் செய்தனர். கஞ்சாப் பழக்கமும், ஆடைக் குறைவும் ஊர்ப் பெரியோர்க்கு உவப்பாக இல்லை. அவ்வெறுப்பிலே நியாயமும் இருந்தது. ஆனால் அவர்கள் எங்கே தங்கினர், யாருக்குப் பணம் கொடுத்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

அறுகம்பை இதற்கு நல்ல சான்று. அங்கே புகையிரதம் இல்லை. கொழும்பிலிருந்து மொனராகலை வழியாகவோ, மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோயில் வழியாகவோ பஸ்ஸிலே நாள் முழுதும் குலுங்கிப் பொத்துவிலை அடைந்து, அப்பால் மூன்று கிலோமீற்றர் போதல் வேண்டும். தெரு ஓடி முடியும் இடமென்றே அதனைச் சொல்லலாம்; பாணமைக்கு அப்பாற் காடு. பெரும் பணம் போகத் தயங்கிய இத்தொலைவுதான் அவ்வூரைச் சிறுகைப்பொருளாருக்கு விட்டுவைத்தது. 1970களிலே, பலகையின்மேல் நின்று அலையிலே சறுக்கி வரும் விளையாட்டிற் பித்துக்கொண்ட வெளிநாட்டிளைஞர், உல்லைக் கிராமத்தின் முனையிலே திரும்பிச் சுருண்டு நெடுந்தூரம் ஓடும் அலையைக் கண்டனர். கச்சான் காற்றிலே சீவப்பட்ட அலை அது. மட்டக்களப்பார் சபித்த காற்றை அவர் வணங்கினர்.

விடுதி ஏதும் இல்லாத ஊர். மீன்பிடிக் குடும்பமொன்று தன் வளவிலே கிடுகுக் குடிலொன்றைக் கட்டி வந்தவருக்குக் கொடுத்தது. அடுத்த வளவிலும் ஒன்று எழுந்தது. வீட்டுப் பெண் சமைத்த சோறும் மீன்கறியும் விருந்தாளிக்கு உணவு. ஊர்ப்பையன் மிதிவண்டியிலே கொண்டுவந்த இளநீர் பானம். மீனவர் வாடியின் அமைப்பே பெயர்மாறி வெளிநாட்டான் உறையுளாயிற்று. கொடுத்தது சிறு தொகையே. எனினும் அது நேரே அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது. அலையிறங்கும் இடங்களுக்கும் புதுப்பெயர்கள் வந்தன. உகந்தைப் பாதையிற் கச்சான் கடலை விளைந்த தோட்டத்தையடுத்த கரையை அவர் 'கச்சான் தோட்டம்' என்று தம் மொழியிலே குறித்தனர். இன்று உலகின் அலைவிளையாட்டு வரைபடங்களில் அப்பெயர் நிலைபெற்றுவிட்டது. கமக்காரன் தன் தோட்டத்துக்குக் கிடைத்த புகழை அறிந்தானோ என்பது வேறு.

இச்செய்திகள் அச்சேறவும் நெடுநாள் ஆகவில்லை. தோனி வீலர், மொறீன் வீலர் என்னும் தம்பதியர் ஆசியாவைக் குறைந்த செலவிலே கடத்தல் பற்றி 1973இல் ஒரு சிறு நூல் வெளியிட்டனர். அவர்களது பதிப்பகத்தின் இலங்கை வழிகாட்டி 1980இல் வந்தது. ஒருவர் காதோடு மற்றவருக்குச் சொன்ன இடங்கள் அச்சிலேறியதும் கூட்டம் பெருகியது. கூட்டம் பெருகியதும் குடிலின் விலை ஏறியது. சிக்கனப் பயணத்தை வளர்த்த அதே நூல்கள் சிக்கனத்தைக் கெடுக்கவுஞ் செய்தன.

அரசாங்கம் கண்ட பாதை வேறு. 1966ஆம் ஆண்டின் சட்டங்களால் உல்லாசப் பிரயாணச் சபையும் ஹோட்டல் கூட்டுத்தாபனமும் தோன்றின. அவ்வாண்டில் நாட்டுக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 18,969 பேர். 1982இல் அத்தொகை 407,230 ஆயிற்று. தென்மேற்கே பெந்தோட்டையும் கீழ்க்கரையிலே பாசிக்குடாவும் திட்டமிட்ட உல்லாசத் தலங்களாகத் தெரியப்பட்டன. பாசிக்குடாவின் இயல்பும் அதற்கு ஏற்றதே. பிறைவடிவக் குடா, இடுப்பளவு நீரிலே நெடுந்தூரம் நடந்து போகலாம், நீந்தத் தெரியாதவனும் அஞ்சவேண்டுவதில்லை. அங்கே எழுந்த விடுதிகளுக்கு ஐரோப்பியர் முன்பணம் கட்டித் திரள்திரளாக வந்தனர். அறையும் உணவும் ஊர்ப்பார்வையும் அவர்கள் நாட்டிலேயே விலைபேசி முடிந்திருக்கும். ஊர்க்காரனுக்குக் கிடைத்தது விடுதியில் ஓர் உத்தியோகம், அதுவும் சிலருக்கே. வெளிநாட்டுச் செலாவணி நாட்டுக்கு வேண்டியிருந்தது என்பதை மறுத்தல் இயலாது. எனினும் பணக்காரன் தந்த நூறு ரூபாயினும் பரதேசி தந்த பத்து ரூபாய் ஊரிலே அதிகம் தங்கிற்று என்னும் கருத்தை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது.

1978 கார்த்திகை 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. ஏறக்குறைய 900 பேர் மாண்டனர். கல்குடாப் பகுதியிலே தலைமுறைகள் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் முறிந்து கிடந்தன. விடுதிகளைத் திருத்தி எழுப்பினர். தென்னை திரும்ப வளரப் பல ஆண்டு சென்றது. அது காய்த்து முதிருமுன்பே 1983 வந்துவிட்டது. போர் தொடங்கியபின் கல்குடாவிலும் நிலாவெளியிலும் கட்டடங்கள் கூரையிழந்து, மதில்களில் ஆல் முளைத்துப் பாழாயின. புகையிரதம் பல ஆண்டுகள் மட்டக்களப்பை எட்டவில்லை. வாடியடித்துத் தொழில் செய்யும் மீனவரின் பருவப்பெயர்ச்சியும் குன்றிற்று. கடலிலே இறங்க அனுமதிச்சீட்டு, குறித்த நேரத்துக்குள் கரைசேர்தல், படகுப் பொறியின் வலுவுக்கு எல்லை எனக் கட்டுப்பாடுகள் வந்தன. கடற்கரையிலே பிறந்த பிள்ளை கடற்கரைக்குப் போக அஞ்சி வளர்ந்தது. பாதயாத்திரையும் போரினால் தடைப்பட்டும் குறுகியும் நடைபெற்றது. அறுகம்பைக்கு மட்டும் சோதனைச் சாவடிகளைத் தாண்டி அலைப்பித்தர் சிலர் வந்துகொண்டே இருந்தனர் என்பது வியப்புக்குரியது.

2002இன் போர்நிறுத்தத்தால் மீண்டும் கூரைகள் எழத் தொடங்கிய வேளையில் 2004 மார்கழி 26 விடிந்தது. கடல்கோளால் நாட்டில் இறந்தோர் 35,000க்குக் குறையார். அவருள் 10,000க்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தார். உல்லையிற் கடலோரக் குடில்கள் தரைமட்டமாயின. அறுகம்பைப் பாலம் சிதைந்தது. புதிய பாலம் 2008இல் அமெரிக்க உதவியோடு கட்டிமுடிந்தது.

அலை ஓய்ந்தபின் எழுந்த வழக்கே இவ்வரலாற்றின் முக்கியமான கட்டம். கடலோரத்திலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் எவரும் வீடு கட்டலாகாது என அரசாங்கம் ஓர் எல்லை வகுத்தது. உயிர்காக்கும் நோக்கம் எனப்பட்டது. ஆனால் மீனவனின் வீடு அவ்வெல்லைக்குள் ஆகாதெனின், விடுதி மட்டும் எவ்வாறு ஆகும் என்ற வினா கரையெங்கும் எழுந்தது. அறுகம்பைக்கென வரைந்த பெருந்திட்டத்தைக் கண்டு உல்லை மக்கள் கலங்கினர். கிடுகுக் குடில் கட்டிப் பிழைத்த சிறுகுடும்பங்கள் அகன்று பெரும் முதலாளிகள் வருவர் என அஞ்சினர். எதிர்ப்பு வலுக்கவே எல்லை பின்னர்த் தளர்த்தப்பட்டது. அவ்வாறு தளராதிருப்பின், வளவிலே குடில் கட்டி விருந்தோம்பும் உல்லை வழக்கம் அன்றோடு முடிந்திருக்கும். அறுகம்பையிற் சிறுவிடுதிகள் இன்றும் மிகுந்திருப்பதற்கு இயற்கை ஒரு காரணம் எனில், காணியை விடாது பற்றிநின்ற மனிதர் மற்றொரு காரணம். பற்றிநின்றும் இழந்தோர் உண்டு. பாணமையிலே 2010இற் குடும்பங்கள் பல தம் காணியினின்றும் வெளியேற்றப்பட்டு, நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

2009 வைகாசியிற் போர் முடிந்ததும் கீழ்க்கரைக்கு முதலில் விரைந்தவர் வெளிநாட்டார் அல்லர். தென்னிலங்கையின் ஊர்களிலிருந்து பஸ் வண்டிகளை வாடகைக்கு அமர்த்தி, கூரையிலே சட்டிபானையும் விறகும் ஏற்றி, அரிசியும் கருவாடும் கட்டிக்கொண்டு, பாட்டி முதற் பேரன்வரை வந்தனர். தெருவோர மரநிழலிலே அடுப்பு மூட்டிச் சமைத்து, பைலாப் பாட்டுப் பாடி, பாசிக்குடா நீரிலே உடுத்த உடையோடு இறங்கிக் களித்து, இரவு மீண்டும் வண்டியேறினர். நெடுங்காலம் மூடியிருந்த கரையை எவ்வளவு குறைந்த செலவிலே காணலாம் என்பதற்கு அப்பஸ் வண்டிகளே அளவுகோல். வடபகுதியார் சிலர் இக்கூட்டத்தைக் கண்டு முகஞ்சுளித்தனர். அதற்குப் போர்க்கால நினைவுகள் காரணமாகலாம். ஆயினும் சட்டிபானையோடு வருபவன் எந்த மொழி பேசினும் பழைய கட்டுச்சோற்றுப் பயணியின் உடன்பிறந்தானேயாவான்.

பின்னர்ப் பாசிக்குடாவிலே காணிகள் பகுக்கப்பட்டு, பெருவிடுதிகள் வரிசையாக எழுந்தன. நாட்டுக்கு வந்தோர் தொகை 2018இல் 2,333,796 ஆக உயர்ந்தது. நோயும் ஊரடங்கும் சூழ்ந்த 2021இல் 194,495 ஆகத் தாழ்ந்தது. விடுதிகளின் முற்றங்கள் குடாவின் வளைவை நிரப்ப, படகேற்றவும் வலையிழுக்கவும் மீனவருக்கு இருந்த இடம் சுருங்கிற்று. பொதுமக்கள் கடலாடும் பகுதி குடாவின் ஒரு பக்கத்தில் அமைந்தது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 1963இலேயே காக்கப்பட்ட இடமாகி 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. பவளப் பாறைகளைக் காக்க அது தக்கதே. ஆனால் முன்னாளில் மீனவனோடு பேசித் தோணியிலே போய்வந்த தீவுக்கு இந்நாளில் நுழைவுச்சீட்டும் படகுக்கூலியும் வேறுவேறாகக் கொடுத்தல் வேண்டும்.

எனினும் இன்றும் சிறுதொகையோடு கீழ்க்கரை போவோனுக்கு வழிகள் அடைபடவில்லை. மூன்றாம் வகுப்பு இரவுவண்டி ஓடுகின்றது. இ.போ.ச. பஸ் பொத்துவிலுக்குப் போகின்றது. உப்புவெளியிலும் உல்லையிலும் குடும்பத்தார் தம் வீட்டோடு சேர்த்துக் கட்டிய அறைகள் கிடைக்கும். முன்னதாக எழுதிக் கேட்டு, சோற்றையும் அவர்களிடமே பேசிக்கொள்வோன் பாதிச் செலவை மீதப்படுத்துவான். சித்திரை பிற்பாதியிலும் புரட்டாதியிலும் கூட்டம் குறைவு. கடல் அப்போதும் நன்று.

ஆடி மாதத்திலே போவோன் இன்னுமொன்று காணலாம். அறுகம்பைக்குத் தெற்கே, குமணைக் காட்டின் வாசலிலே உகந்தை முருகன் கோயில். யாத்திரிகருக்குக் காட்டுவழி ஆண்டுக்குச் சில நாட்களே திறக்கப்படும். அந்நாள் வரும்வரை கோயிலைச் சூழ்ந்த மரங்களின்கீழ் ஆயிரக்கணக்கானோர் பாய்விரித்துக் கிடப்பர். கல்லடுப்பிலே கஞ்சி கொதிக்கும். கோயிலுக்கு அப்பாற் பாறையின் ஓரத்திலும் அலை சுருண்டு வருகின்றது. பலகையைக் கக்கத்திலிடுக்கி, வெயிலிற் சிவந்து, ஈரங்கசிய அவ்வழியே வரும் வெளிநாட்டிளைஞனை, கிழவி ஒருத்தி கைகாட்டி அழைத்து, தொன்னையிலே கஞ்சி வார்த்துக் கொடுப்பாள். அவன் காற்சட்டைப் பையிற் காசைத் தேடுவான். அவளோ அடுத்தவனுக்கு வார்த்துக்கொண்டிருப்பாள்.